பெருசுக்கு ஒரு துணை

சாப்பிடாமல் கிடக்கும் ஆமைக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நல்லா இருக்கும்போதே அது அப்படித்தான் கிடக்கும். போன ஆனி மாதம் முழுக்க நான் அந்த ஆராய்ச்சியில்தான் இருந்தேன். போகும்போதும் வரும்போதும் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் கழுத்துத் தோல் அசைகிறதா என்று பார்ப்பேன். அசையும். எழுந்து போவேன். பாதி வழியில் அது என் பிரமையோ என்று தோன்றும். திரும்பி வந்து மறுபடி குத்தவைப்பேன்.

இத்தனைக்கும் நான் முட்டைக்கோழிப் பண்ணைக்காரன். சித்திரை வெயிலில் ஒரே மத்தியானத்தில் கூடை கூடையாகக் கோழி செத்து விழுந்தபோது, வெற்றிலை மென்றுகொண்டே குழி வெட்டச் சொன்னவன். கல்நெஞ்சுக்காரன் என்று பண்ணையாட்கள் பேசிக்கொண்டதாகக் கேள்வி. அந்தக் கல்நெஞ்சு ஓர் ஆமை தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்குக் கோதுமை மாவு மாதிரி குழைந்துபோயிற்று.

ஆமை என் மகளுடையது. அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது சேலத்தில் வண்ணமீன் கடையில் அழுது வாங்கியது. அப்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. "இது எவ்ளோதான் வளருமுங்க?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். யாருடைய உள்ளங்கை என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது அது சோற்றுத்தட்டு அளவு இருக்கிறது. கடைசியாக வாங்கிய தொட்டி, லாரிக்கு முன்கண்ணாடி போடுகிறவர் ஒட்டிக் கொடுத்தது. அது உடைய வேண்டுமானால் எதிரே இன்னொரு லாரி வர வேண்டும் என்று உத்தரவாதம் கொடுத்தார்.

வீட்டில் ஆமை இருப்பது பற்றி எங்கள் ஒறம்பரைகளுக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, ஒரு கருத்து உண்டு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஓர் அத்தை, தொட்டியைப் பார்த்ததும் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்து, பத்திரிகைத் தட்டை வெளியிலிருந்தே நீட்டினார். காப்பி வேண்டாமாம். அந்த ஆமை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேண்டாத ஒறம்பரை குறைந்தது என்று நான் மகளிடம் சொல்வேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிப்பதற்காகவே நான் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பத்தாவது முடித்ததும் அவளை ஹாஸ்டலில் சேர்த்தோம். நாமக்கல் பக்கம் இது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காத சங்கதி. எங்கள் பண்ணையில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி நின்றால் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஹாஸ்டல் கட்டடம் தெரியும். சைக்கிளில் போய்வரலாம். ஆனாலும் ஹாஸ்டலில்தான் போடுவோம். வீட்டிலிருந்து போய்வந்தால் மார்க் வராது என்பது இங்கே பொழுது கிழக்கே உதிக்கும் என்பது போல எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். என் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"ஏனுங்க, பஸ்ஸு வாசல்லயே வருதே. ஊட்டுல இருந்தே போவட்டுமே."

"ஊட்டுல இருந்தா ஆமையத்தான் பாத்துட்டு உக்காந்துருப்பா" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவள் போன மறுநாள் தொட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். அதுவரை அது முன்வாசலில், காலை வெயில் விழும் இடத்தில் இருந்தது. அவள் பல் துலக்கிக்கொண்டே அதோடு பேசுவாள். அவள் இல்லாத வாசலில் அது தனியாக இருப்பது எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், என் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். "அதுக்குத் துணையா இருக்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னேன். யாருக்கு யார் துணை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு தனித் திறமை உண்டு.

அதற்கப்புறம்தான் அது சாப்பிடுவதை நிறுத்தியது. கடையில் விற்கும் குச்சித் தீனியைப் போட்டால் ஊறிப் பஞ்சாய் மிதக்கும். இருந்த ஒரே கல்லின் மேல் ஏறி, சுவரைப் பார்த்துக் கிடக்கும். புள்ளயத் தேடுது என்று முடிவு கட்டினேன். வாயில்லா ஜீவனுக்கே இப்படி ஏங்கத் தெரிகிறது என்று பால்காரரிடம்கூடச் சொன்னேன். அவர் பாலை ஊற்றிவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேசலாம். அவளுக்குப் பின்னால் வரிசை நிற்கும். முதல் சில வாரங்கள் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

"சோறு எப்புடி சாமி?"

"என்னயக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

"ரூமுல காத்து வருதா?"

"கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

எனக்கு அழுகையைக் கண்டால் நாக்கு தானாகவே ஜோக் அடிக்க ஓடும். அது பிறவி வியாதி. "ரெண்டே வருசம் கண்ணு. நம்ம கோழியெல்லாம் கூண்டுக்குள்ள சமத்தா இருந்து முட்டை போடறதில்லையா?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் வேறு ஏதோ பிள்ளை போனை வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரம் சேலம் போனபோது அதே கடையில் ஒரு சின்ன ஆமை வாங்கினேன். இதற்குப் பின்னால் பண்ணைக்காரனின் மூளை இருந்தது. குஞ்சு தீனி எடுக்காவிட்டால், நன்றாகக் கொத்தித் தின்கிற இன்னொன்றை அதன் பக்கத்தில் விடுவோம். பார்த்துப் பார்த்து இதுவும் தின்னும். கோழிக்கு நடப்பது ஆமைக்கு நடக்காதா? புதுக்கோழியைப் பழைய கூண்டில் விடுவதற்கும் ஒரு முறை உண்டு. பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கிய பிறகுதான் விட வேண்டும். காலையில் கண் விழிக்கும்போது பழைய கோழிகள், இதுவும் நம்ம கூட இருந்ததுதான் போலிருக்கிறது என்று விட்டுவிடும். அதே மாதிரி சாயங்காலம் டிவியை அணைத்து, விளக்கை அணைத்து, மனைவியை அடுப்படியை விட்டு வராதே என்று சொல்லி, திருடன் மாதிரி தடவிப்போய் அந்தச் சின்னதைத் தொட்டிக்குள் விட்டேன்.

காலையில் பார்த்தால், சின்னது பெரியதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி, பின்காலை ஒய்யாரமாக விரித்துக்கொண்டு. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்புடி? அம்மாளும் புள்ளயும் மாதிரி இல்ல?"

"பெருசு ஆணுங்க" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொன்னதும் மகளின் குரலே மாறிப்போயிற்று. எவ்வளவு பெரிசு, என்ன நிறம், தின்னுதா, நீந்துதா என்று கேள்வி மேல் கேள்வி. பெருசு, சிறுசு என்று அவளே பேரும் வைத்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏங்கப்பா, ரெண்டையும் ஒண்ணா உடாதீங்க. பெருசு கடிச்சுப்போடும்" என்றாள்.

"கடிக்கறதா? டவுன்பஸ் டாப்புல ஏறுன மாதிரி அது மேல ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேங்குது சாமி. டிக்கெட்டுக் கேட்டா தலைய உள்ள இழுத்துக்குது."

அவள் சிரித்தாள். ஹாஸ்டலுக்குப் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. போனை வைக்கும்வரை கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய், அந்தக் கட்டைவிரல் அளவு ஆமைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றிலிருந்து சிறுசு உயிரோடும் சேட்டையோடும் இருப்பதுதான் எனக்கு முதல் வேலை. ஞாயிறுதோறும் அவளுக்குக் கொடுக்க ஒரு கதை வேண்டுமே. சிறுசு பம்புக் குழாய்க்குள் தலையை விட்ட கதை, சிறுசு டிவியில் பட்டிமன்றம் பார்த்த கதை. பாதி நடந்தது, பாதி நான் அவிழ்த்துவிட்டது. ரூமில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். போனுக்குப் பின்னாலிருந்து, "அங்கிள், சிறுசு இன்னைக்கு என்ன பண்ணுச்சுங்க?" என்று சத்தம் வரும்.

பெருசு மட்டும் பட்டினிதான். ஒருநாள் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கூடத்துல மீன்சந்த கணக்கா நாறுது. ஒறம்பரைதான் வரமாட்டாங்கன்னா நம்மளும் ஊட்டுல இருக்க வேண்டாமுங்களா?" என்று, பண்ணையாட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தொட்டியைப் பழையபடி முன்வாசலில் வைத்துவிட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரமே பெருசு தீனி எடுக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு குச்சி. அப்புறம் போட்டதெல்லாம். நான் வாசலில் நின்று கைதட்டினேன். பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது பார் என்று மனைவியிடம் என் கோழி வித்தையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை, "பெருசு தின்னுருச்சு சாமி, எல்லாம் சிறுசு குடுத்த டியூஷன்" என்றேன். அந்தப் பக்கம் ரூமே கைதட்டியது எனக்குக் கேட்டது.

கடித்தது அதற்கடுத்த வாரத்தில், காலையில் தீனி போடும்போது. ஒரு குச்சி மிதந்தது. அதை நோக்கிச் சிறுசு நீந்தியது. பெருசும் வந்தது. தண்ணீர் ஒரு முறை கலங்கியது, அவ்வளவுதான். தெளிந்தபோது சிறுசு பக்கவாட்டாகச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. முன்கால் ஒன்று இருந்த இடத்திலிருந்து ரத்தம் நூல் மாதிரி போய்க்கொண்டிருந்தது. பெருசு மென்றுகொண்டே அடுத்த குச்சியைத் தேடியது.

நான் போட்ட கூச்சலில் தெரு நாய் எழுந்து ஓடிப்போனது என்று மனைவி இப்போதும் சொல்கிறாள். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். என் விரலையும் பெருசு ஒரு கை பார்த்தது. சிறுசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மனைவி என் கையில் துண்டைச் சுற்றிவிட்டு, "டாக்டருக்குப் போன் போடுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த டாக்டர் பண்ணைக்கு வருகிற கோழி டாக்டர். எடுத்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சொல்லுங்கண்ணா. எத்தன விழுந்துச்சு?"

"ஒரு காலுங்க டாக்டர்."

"ஒரு கோழிக்கு எதுக்குங்கண்ணா இந்தப் பதட்டம்?"

"கோழி இல்லீங்க. ஆமை. ஊட்டு ஆமை. பெருசு சிறுசைக் கடிச்சுருச்சுங்க."

அவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். உடனே பிரித்து வைக்கச் சொன்னார், மருந்து பெயர் சொன்னார். பிறகு மெதுவாக, "ஏனுங்கண்ணா, உங்க ஷெட்டுல முட்டை போடற கோழி கூட நாலு வாரக் குஞ்ச ஒரே கூண்டுல உடுவீங்களா?" என்று கேட்டார்.

"உட மாட்டனுங்க."

உண்மையில், விட்டவனை வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "அது முதுகு மேலெல்லாம் ஏறி உக்காந்துச்சுங்களே, ஒத்துமையா இருந்துச்சுங்களே" என்றேன்.

"தொட்டிக்குள்ள எத்தன கல்லுங்க?"

"ஒண்ணு."

"அதுல பெருசு படுத்துருந்தா சிறுசு வேற எங்கண்ணா ஏறும்?"

பெருசு வாரக்கணக்கில் தின்னாமல் கிடந்ததையும் சொன்னேன். தொட்டி அப்போது எங்கே இருந்தது என்று கேட்டார். உள்ளே, டிவி பக்கத்தில் என்றேன். "வெயில் படாட்டி அதுக்குப் பசிக்காதுங்கண்ணா. வாசல்ல வெச்சீங்க, வெயில் பட்டுச்சு, பசிச்சுருச்சு. ஏக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

ஏக்கமெல்லாம் ஒன்றுமில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் அத்தனை நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏங்கியது யார்?

சிறுசைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் குண்டாவில் வைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் குஞ்சு இறக்குகிற வைத்தியம்தான். அடியில் நியூஸ்பேப்பர் விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டு, பழக்க தோஷத்தில் வெல்லத் தண்ணீர்கூடக் கரைத்து வைத்துவிட்டேன். வெகுதூரம் வண்டியில் வந்து இறங்கும் குஞ்சுக்கு முதலில் அதுதான் கொடுப்போம். மனைவி அதை எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் வைத்தாள். பண்ணைக்குப் போகும்போது குண்டாவையும் காரில் முன்சீட்டில் வைத்து பெல்ட்டு போட்டுக் கொண்டுபோனேன். முட்டை லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னங்கண்ணா, புது பார்ட்னருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மூன்று காலோடு அது வேகவைத்த முட்டை வெள்ளையில் ஒரு துணுக்கைக் கவ்வியது. எங்கள் பண்ணை முட்டை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "சிறுசு எப்புடி இருக்குதுங்கப்பா?"

"நல்லா இருக்குது சாமி."

"என்ன பண்ணுச்சு?"

எனக்குக் கதை வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாக்கு ஓடாமல் நின்றது. "நல்லா இருக்குது" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் குண்டாவில் அது தலையை வெளியே நீட்டியபடி கிடந்தது. அதன் மூச்சைப் பார்க்க நான் குத்தவைக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பண்ணையில் செத்ததைப் போட ஒரு குழி இருக்கிறது. தினமும் ஏதாவது அதில் விழும். நான் சிறுசைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேனே தவிர, அந்தப் பக்கம் கால் போகவில்லை. மனைவி மண்வெட்டியை எடுத்து வந்து முருங்கை மரத்தடியில் அவளே தோண்டினாள். ஒரு தட்டு மண்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. மூடிவிட்டு நிமிர்ந்தவள், "ஏதாச்சும் சொல்லுங்க. நீங்க வாயத் தொறக்காம நின்னா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனில் நல்லா இருக்குது என்றுதான் சொன்னேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று. அதற்கடுத்த ஞாயிறு பெற்றோர் பார்க்கும் நாள்.

பார்க்கும் நாளில் அந்தப் பள்ளிக்கூட மரத்தடியெல்லாம் திருவிழா மாதிரி இருக்கும். ஊர் ஊராக வந்த கார்கள், விரித்த ஜமுக்காளம், திறந்த தூக்குப்போசி, கோழிக்குழம்பு வாசம். கூப்பிடு தூரத்திலிருந்து வந்த நாங்களும் மதுரையிலிருந்து வந்தவர்கள் மாதிரியே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கடித்த இடம் வந்ததும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மகள் வந்தாள். கன்னம் ஒடுங்கியிருந்தது. உட்கார்ந்ததும் சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஆமையோடு பேசுகிறவள், இங்கே தலை நிமிராமல், வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல வேகமாகச் சாப்பிட்டாள். மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். சிறுசைப் பற்றி மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

"சாமி, சிறுசு..." என்றேன்.

"தெரியுங்கப்பா."

"அம்மா சொன்னாளா?"

"இல்லீங்க. போன ரெண்டு வாரமா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு மட்டுந்தான் சொன்னீங்க. அது என்ன பண்ணுச்சுன்னு ஒண்ணுமே சொல்லல."

குழம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "பெருசு கடிச்சுருச்சுங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அத அடிக்காதீங்கப்பா. அதுக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் கழித்து, "ரூமுல எல்லாரும் கேக்கறாங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லி வெச்சுருக்கறேன்" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஊட்டுக்குப் போலாமா சாமி? இப்பவே போலாம். பெட்டிய எடு. வார்டங்கிட்ட நான் பேசிக்கறேன். பஸ்ஸு நம்ம வாசல்லயே வருது" என்றேன். மனைவி சொன்னதையே, என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி. மனைவி கையில் கரண்டியோடு மகளைப் பார்த்தாள். அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று அந்த முகம் வேண்டிக்கொண்டிருந்தது.

மகள் கையைக் கழுவினாள். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"வேண்டாங்கப்பா. பழகிப்போச்சு."

மணி அடித்ததும் எழுந்தாள். அம்மாவிடம் முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டாள். "வாரனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு படியேறிப் போனாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. நான் அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் முன்வாசலில் நின்றுதான் எடுக்கிறேன்.

"எப்புடி இருக்கற சாமி?"

"நல்லா இருக்கறனுங்கப்பா."

"என்ன பண்ணுன இந்த வாரம்?"

"நல்லா இருக்கறனுங்கப்பா."

நான் ஜோக் அடிக்கிறேன். அவளும் சிரிக்கிறாள், என் மனசு கோணக்கூடாது என்று. பின்னால் இருக்கிற பிள்ளைக்குப் போனைக் கொடுக்க நேரமாகிறது. வைத்துவிட்டுத் திரும்பினால் பெருசு கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காலை வெயில் பட்டிருக்கிறது. நான் தீனி டப்பாவைத் திறக்கிறேன்.